மாரத்தான் முடித்துவிட்டேன், முதல் அல்ட்ராவுக்கு எப்படித் தயாராவது?

42.195 கிலோமீட்டரைத் தாண்டிய எந்த ஓட்டமும் அல்ட்ராதான். முதல் முறைக்கு 50 கிலோமீட்டர் போதும்.

பயிற்சியில் நான் முக்கியமாக நினைப்பது, சனி ஞாயிறு அடுத்தடுத்து நீண்ட ஓட்டம். சனிக்கிழமை 25 ஓடிவிட்டு, மறுநாள் படி இறங்கவே தொடை கனக்கும்போது இன்னொரு 15 மெதுவாக ஓடிப் பாருங்கள். போட்டியின் கடைசி மணி நேரங்கள் அப்படித்தான் இருக்கும். வேகம்? பேசிக்கொண்டே ஓட முடிகிற அளவு. மேடு வந்தால் தாராளமாக நடங்கள், அனுபவசாலிகளும் நடக்கிறார்கள்.

அப்புறம் சாப்பாடு. பசிக்கும்வரை காத்திருக்காமல் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து. வயிறு அதைத் தாங்குகிறதா என்று பயிற்சியிலேயே பார்த்துவிடுங்கள். தாகத்துக்கு மீறித் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து ஆபத்தாகலாம். குதிகாலில் லேசாகச் சூடு தெரிந்ததுமே நின்று டேப் ஒட்டுங்கள். கொப்புளமான பிறகு ஒவ்வோர் அடியும் வதை.