பாலைவன விலங்குகளுக்கு நாமே தண்ணீர் வைக்கலாமா?

கேள்வி: அரிசோனாவில், பீனிக்ஸ் பக்கத்துச் சாண்ட்லரில் மென்பொருள் வேலையில் இருக்கிறேன். பாலைவன விலங்குகளுக்குத் தண்ணீர்த் தொட்டி கட்டும் தன்னார்வலர் குழுவில் சேரச் சொல்லி அலுவலக நண்பர் கூப்பிடுகிறார். நான் வாராவாரம் மலையேறப் போகும் பாதையில் ஒரு பிளாஸ்டிக் டப் வைத்து நானே நிரப்பி வந்தால் போதாதா? இதெல்லாம் உண்மையில் விலங்குகளுக்கு உதவுகிறதா?

பதில்: டப் வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஜூன் மாத வெயிலில் அங்கே திறந்து கிடக்கும் தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு ஆவியாகிப் போகும். மிச்சத்துக்குத் தேனீக்கள் கூட்டமாக வந்து மொய்க்கும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பிள்ளைகளின் விடுமுறைக்கு நீங்கள் ஊருக்கு டிக்கெட் போடுவது பெரும்பாலும் ஜூனில்தான். சோனோரன் பாலைவனத்தில் வறட்சி உச்சத்தில் இருப்பதும் அப்போதுதான், பருவமழை தொடங்க ஜூலை ஆகும். ஏப்ரலிலும் மே மாதத்திலும் உங்கள் டப்பைத் தேடி வந்து பழகிய விலங்கு, ஜூனில் காய்ந்த பிளாஸ்டிக்கை நக்கிவிட்டுத் திரும்பும். நம் ஊரில் கோடைக்குத் திறக்கும் தண்ணீர்ப் பந்தலைப் பார்த்திருப்பீர்கள். திறப்பு நாளன்று தர்பூசணி, நீர்மோர், போட்டோ. பத்தாம் நாள் போனால் வெறும் பானை. நமக்கென்றால் அடுத்த தெருவில் ஒரு கடை இருக்கும்.

சரி, அந்தக் குழுவினர் என்ன கட்டுகிறார்கள்? அங்கே அதற்குக் 'கஸ்லர்' என்று பெயர். மழையைப் பிடிக்க ஒரு சரிவான தளம், தண்ணீரைச் சேர்த்து வைக்க மூடிய தொட்டி, விலங்கு வந்து குடிக்க ஒரு சிறு வாய். இவ்வளவுதான் அமைப்பு. 1940களில் கலிபோர்னியாவில் காடைகளுக்காகத் தொடங்கியது. பிறகு பிக்ஹார்ன் எனப்படும் பெருங்கொம்பு ஆடு, மியூல் மான் என்று விரிந்தது. இன்று அரிசோனாவில் மட்டும் ஏறத்தாழ 3,000 இருக்கின்றன.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டர் தளத்தில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். அரிசோனாவின் யூமா பக்கத்தில் ஆண்டுக்கு 80 மில்லிமீட்டர் பெய்தாலே அதிகம். ஆனாலும் 100 சதுர மீட்டர் தகரத்தை விரித்தால் 8,000 லிட்டர் வருகிறது. சிந்துவதும் ஆவியாவதும் போகச் சில ஆயிரம் லிட்டர் மிஞ்சும். தொட்டியை மண்ணுக்குள் புதைப்பதும், வாயைச் சின்னதாக வைப்பதும் ஆவியாவதைக் குறைக்கத்தான், தளத்துக்கு மண் நிறம் அடிப்பது நிலத்தோடு கலந்து தெரிவதற்கு. மழை பொய்த்த ஆண்டில் இந்தக் கணக்கு செல்லாது. அப்போது லாரியிலும், சாலை இல்லாத மலையில் ஹெலிகாப்டரிலும் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிறார்கள்.

இனி, உங்கள் நண்பர் ஒருவேளை சொல்லியிருக்க மாட்டார் என்று நான் நினைக்கும் பகுதி. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓல்ட் டாட் என்றொரு மலை இருக்கிறது. 1995இல் அங்கிருந்த இரண்டு தொட்டிகளை ஒட்டி 45 பிக்ஹார்ன் ஆடுகள் செத்துக் கிடந்தன. ஆய்வாளர்கள் பிரித்துப் பார்த்ததில் கதை இப்படிப் போனது: குட்டிகள் தொட்டிக்குள் விழுந்திருக்கின்றன, ஏறி வர வழியில்லாமல் மூழ்கியிருக்கின்றன. அழுகிய உடல்களிலிருந்து போட்டுலிசம் கிருமியின் நஞ்சு தண்ணீரில் கலந்திருக்க வேண்டும். அதே தண்ணீரைத்தான் மற்ற ஆடுகள் குடித்தன. உயிர் காக்க வைத்த தொட்டி அது. பாலைவன ஆமைகளும் இப்படித் தொட்டிக்குள் இறங்கி, ஏற முடியாமல் மாண்டிருக்கின்றன. இப்போது கட்டுவதில் சொரசொரப்பான சரிவுப் படி வைக்கிறார்கள். ஆனால் படி உடைந்திருக்கிறதா, தகரம் காற்றில் பிய்ந்திருக்கிறதா, தண்ணீர் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஃப்ளோட் வால்வு சிக்கியிருக்கிறதா என்று ஆண்டுக்கு இரண்டு முறையாவது யாராவது ஏறிப் போய்ப் பார்த்தாக வேண்டும். கட்டுவதற்கு ஐம்பது பேர் வருவார்கள், பார்க்கப் போவதற்கு நான்கு பேர் கிடைப்பது கஷ்டம். குழுவில் சேருவதற்கு முன் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி இது ஒன்றுதான்: "பத்து வருஷத்துக்கு முன்னால் கட்டியதை இப்போது யார் பார்த்துக்கொள்கிறார்கள்?"

உதவுகிறதா என்றால், விஞ்ஞானிகளே இன்னும் ஒரே பக்கம் நிற்கவில்லை. கேமரா வைத்துப் பார்த்தால் மானும் ஆடும் வௌவாலும் வந்து குடிப்பது தெரிகிறது, அதில் சந்தேகமில்லை. குடிப்பதால் எண்ணிக்கை கூடுகிறதா என்பது வேறு கேள்வி. அரிசோனாவின் கபேசா ப்ரியேட்டா சரணாலயத்தில் ஒரு மலைத்தொடரிலிருந்து தண்ணீரை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள். எதிர்பார்த்த பெரிய பாதிப்பு பிக்ஹார்ன் ஆடுகளிடம் தென்படவில்லை. மறுபக்கம், நெடுஞ்சாலையும் கால்வாயும் வேலியும் குறுக்கே வந்து, விலங்குகள் பழைய சுனைகளுக்குப் போகும் வழி பல இடங்களில் அடைபட்டுவிட்டது. நாம் அடைத்த வழிக்கு ஈடாக ஒரு தொட்டி என்றால் எனக்கு ஒப்புதல். தண்ணீர் எப்போதுமே இல்லாத மலையில் புதிதாக ஒன்று என்றால் யோசிப்பேன்.

அனுமதி விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். அந்த நிலம் பெரும்பாலும் மத்திய அரசுடையது. அரிசோனாவிலேயே இருக்கும் கோஃபா சரணாலயத்தில் பிக்ஹார்ன் ஆடுகள் 2000இல் எண்ணூறுக்கு மேல் இருந்து 2006இல் நானூறுக்குக் கீழே சரிந்தபோது, நிர்வாகம் 2007இல் இரண்டு தொட்டிகள் கட்டியது. இயற்கை நிலத்தைச் சீண்டாமல் விட வேண்டும் என்பவர்கள் வழக்குப் போட்டார்கள். தொட்டி தேவைதான் என்பதற்குப் போதிய விளக்கம் இல்லை என்று 2010இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அரசுத் துறைக்கே இந்தப் பாடு என்றால் உங்கள் டப் எம்மாத்திரம்?

இன்னொன்று. இந்தக் குழுக்களில் பலவற்றை 1960களில் தொடங்கியவர்களும், இன்றும் காசு போட்டு முதுகு ஒடிய உழைப்பவர்களும் பெரும்பாலும் வேட்டைக்காரர்கள். ஆட்டைக் காப்பாற்றுவதே சுடுவதற்கா என்று நம்மவர்களுக்கு நெருடும். எனக்கும் முதலில் நெருடியது. அந்தத் தர்க்கத்தோடு ஒத்துப்போகாமலே அவர்களோடு சிமெண்ட் மூட்டை தூக்கலாம்.

கட்டுமானம் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரைதான் நடக்கும். முடிந்தால் அதோடு நிற்காமல், பழைய தொட்டிகளைப் பார்க்கப் போகும் நான்கு பேரில் ஒருவராகப் பெயர் கொடுங்கள். ஆளுக்கு நான்கு லிட்டர் தண்ணீர், தடித்த கையுறை, முழுக்கைச் சட்டை வேண்டும். அப்புறம், பையில் ஒரு பழைய சீப்பு. அங்கே சோயா என்றொரு கள்ளி உண்டு, சோயா பீன்ஸுக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. லேசாக உரசினாலே ஒரு கணு கழன்று உங்கள் கெண்டைக்காலில் ஒட்டிக்கொள்ளும். கையால் பிடுங்கப் போனால் கையிலும் ஏறும். சீப்பின் பற்களைக் காலுக்கும் கணுவுக்கும் நடுவில் நுழைத்து ஒரே வெட்டாகத் தள்ளிவிடுங்கள், எதிரே யாரும் நிற்கவில்லை என்று பார்த்துக்கொண்டு.