சென்னைக்குப் புதுசு, இடம் வாங்கலாமா? கேள்வி பதில்

வேலைக்காகச் சென்னை வந்து, இங்கேயே வீடோ மனையோ வாங்கிப் போட நினைக்கிறவர்கள் கேட்டவை.

கே: அண்ணா, சொந்த ஊர் திருநெல்வேலி. சோழிங்கநல்லூரில் வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. வாடகைக்கு விட ஓ.எம்.ஆரில் இப்போதே ஒரு ஃபிளாட் வாங்கலாமா?

அவசரம் வேண்டாம் தம்பி. ஒரு ஐப்பசி, கார்த்திகை கழியட்டும். வெயில் காலத்தில் எல்லாத் தெருவும் நல்ல தெருதான். பெருமழை விட்ட மறுநாள் போய்ப் பாருங்கள். காம்பவுண்டு சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது? கரண்ட் மீட்டர் பெட்டியைத் தலை உயரத்துக்கு ஏற்றி வைத்திருக்கிறார்களா? அப்படியென்றால் ஏன் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள், புரோக்கரிடம் அல்ல. முடிச்சூர், வேளச்சேரிக்காரர்கள் 2015 வெள்ளத்தை இன்னும் மறக்கவில்லை. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தை ஒட்டிய மனை என்றால், எவ்வளவு மலிவாக வந்தாலும் நான் தொட மாட்டேன்.

அப்புறம் குடியிருப்புச் சங்கத்தில் மே மாத மெயின்டனன்ஸ் கணக்கைக் கேளுங்கள். தண்ணீர் லாரிக்கு எவ்வளவு போகிறது என்பது அதில் தெரிந்துவிடும்.

வாடகைக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 80 லட்சம் ரூபாய் வீட்டுக்கு மாதம் 22,000 வந்தால் ஆண்டுக்கு 2.64 லட்சம், அதாவது 3.3 சதவீதம். வீட்டுக் கடன் வட்டி அதைவிட எவ்வளவோ மேலே. "வாடகையே இ.எம்.ஐ. கட்டிவிடும் சார்" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு வந்துவிடுங்கள்.

கே: சார், செங்கல்பட்டுப் பக்கம் ஒரு மனை. பட்டா இருக்கிறது, 30 வருட இ.சி.யிலும் (வில்லங்கச் சான்று) வில்லங்கம் இல்லை. அட்வான்ஸ் கொடுக்கலாமா?

இ.சி.யில் பதிவான பத்திரங்கள் மட்டும்தான் வரும். பதிவு செய்யாத உயில், பங்காளி போட்ட வழக்கு எல்லாம் அதில் தெரியாது. மூலப் பத்திரத்தின் ஒரிஜினலைக் கையில் வாங்கிப் பாருங்கள். ஜெராக்ஸ் மட்டும் நீட்டினால், ஒரிஜினல் எங்கேயோ அடமானத்தில் இருக்கலாம். லேஅவுட்டுக்கு சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் உண்டா? பஞ்சாயத்து அப்ரூவல் என்றால் வேண்டவே வேண்டாம். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போடுகிறார்களா என்பதை உங்கள் வக்கீல் பார்க்கட்டும், விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

கே: ஆதம்பாக்கத்தில் 2 கிரவுண்டில் 6 வீடு கட்டுகிறார்கள். ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு நம்பர் இல்லையாம். ஏமாற்று வேலையா?

இல்லை. 2 கிரவுண்ட் என்பது 4,800 சதுர அடி, சுமார் 446 சதுர மீட்டர். நிலம் 500 சதுர மீட்டருக்குள், வீடுகள் 8-க்குள் என்றால் ரேரா பதிவு கட்டாயமில்லை. ஆனால் தகராறு வந்தால் அந்தப் பாதுகாப்பும் இல்லை. பிளான் அப்ரூவலில் இருக்கும் வீடுகளின் எண்ணிக்கையையும் மொத்த நிலத்தில் உங்கள் பங்கான யூ.டி.எஸ். அளவையும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் அம்மா.

கே: பத்திரச் செலவு எவ்வளவு ஆகும்?

மனை என்றால் முத்திரைத்தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 9 சதவீதம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைவிடக் குறைத்து எழுதி மிச்சம் பிடிக்க முடியாது. விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் விற்பவருக்குத் தரும் பணத்தில் 1 சதவீத டி.டி.எஸ். (வருமான வரிப் பிடித்தம்) பிடித்துக் கட்டுவதும் உங்கள் பொறுப்பு. விற்பவர் என்.ஆர்.ஐ. என்றால் கணக்கே வேறு, ஆடிட்டரைப் பாருங்கள்.

கே: பரந்தூரில் ஏர்போர்ட் வருகிறதே, பக்கத்தில் மனை வாங்கலாமா?

ரொம்பப் பக்கத்தில் வாங்கினால் உங்கள் மனையையே எடுத்துக்கொள்வார்கள். சர்வே எண் நிலமெடுப்பு அறிவிப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், விலை பேசுவது அப்புறம்.