அதிகம் பேசாத மகளும் அசெஸ்மென்ட் சென்டரும்

வணக்கம் அம்மா. மகள் வேலைக்கான ஆன்லைன் தேர்வைத் தாண்டிவிட்டாள், அடுத்து அசெஸ்மென்ட் சென்டருக்கு, அதாவது ஒரு நாள் முழுக்கப் பல பயிற்சிகள் கொடுத்து ஆளை மதிப்பிடும் தேர்வுக்கு, கிண்டிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். "மற்ற பிள்ளைகள் இங்கிலீஷில் வெளுத்து வாங்குவார்களே, இவள் வாயே திறக்க மாட்டாளே" என்பது உங்கள் பயம். ஒரே வாரத்தில் பேச வைக்கிறோம் என்கிற வகுப்பில் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அந்தப் பணத்துக்கு அவளுக்கு நல்லதாக ஒரு ஜோடி செருப்பு வாங்கிக்கொடுங்கள், நாள் முழுக்க அலைய வேண்டியிருக்கும்.

அன்றைக்கு நடப்பது குழு விவாதம், கேஸ் ஸ்டடி (ஒரு பிரச்சினையைக் கொடுத்துத் தீர்வு கேட்பது), சின்னதாக ஒரு பிரசன்டேஷன், நேர்காணல், இவ்வளவுதான். ராணுவ அதிகாரிகளை எடுக்க எஸ்.எஸ்.பி. என்கிற தேர்வு வாரியம் ஐந்து நாள் நடத்துகிறதே, கிட்டத்தட்ட அதே வழிமுறையின் சுருக்கம்.

குழு விவாதத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். பக்கத்தில் இருப்பவரை அமுக்கினால் ஜெயித்துவிடலாம் என்று நினைக்கிறார்கள். ஓரமாக உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் கையில் ஒரு தாள் இருக்கும். யார் என்ன சொன்னார், என்ன செய்தார் என்று எழுதிக்கொண்டே இருப்பார். பிறகு அதை, அந்த வேலைக்கென்று ஏற்கெனவே வகுத்த தகுதிகளோடு வைத்துப் பார்த்து மதிப்பெண் போடுவார். "சரி, பத்து நிமிஷம்தான் இருக்கு, செலவுக் கணக்கை இன்னும் தொடவே இல்லையே" என்று உங்கள் மகள் சொன்னால் அங்கே பேனா ஓடும். பேச்சு பாதியில் நின்றுபோனவரைப் பார்த்து, "நீங்க சொல்ல வந்ததை முடிங்க" என்றாலும் ஓடும். வேலையை நகர்த்துகிற மாதிரி நாலைந்து வாக்கியம் போதும். ஆனால் ஒன்றுமே பேசாவிட்டால் எழுத ஒன்றும் இருக்காது.

வீட்டில் தோழிகள் மூன்று பேரை அழைத்து, ஒரு தலைப்பைக் கொடுத்து, இருபது நிமிடம் பேச விட்டு போனில் பதிவு செய்யுங்கள். முதலில் தமிழில், அப்புறம் இங்கிலீஷில். நீங்கள் இலக்கணம் திருத்தப் போகாதீர்கள்.

நேர்காணலில் புராஜெக்ட் பற்றிக் கேட்டால் "நாங்கள் செய்தோம்" என்றே முடித்துவிடாமல், அவள் எந்தப் பகுதியைச் செய்தாள் என்று சொல்லட்டும்.

எனக்குக் கவலை வேறொன்று: இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயரோடு வெறும் 'எஸ்' இருக்கும், பான் கார்டில் அது அப்பா பெயராக விரிந்திருக்கும், ஆதாரில் இன்னொரு மாதிரி. வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் இது இழுத்தடிக்கும். இன்றைக்கே மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விண்ணப்பத்தில் போட்ட பெயர் எதோடும் ஒத்துப்போகவில்லை என்றால், ஹெச்.ஆருக்கு இப்போதே ஒரு மெயில் போட்டுவிடச் சொல்லுங்கள்.