டிரிபிள் ஈ எடுத்தால் பிழைத்துக்கொள்வானா?

அல்சூரிலிருந்து எழுதியிருக்கும் அம்மாவுக்கு வணக்கம்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் கிடைக்கும் ரேங்க் இருந்தும் பையன் டிரிபிள் ஈ (எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்)-தான் வேண்டும் என்கிறான். கேட்டால் பேரிங் இல்லாமல் காந்தத்தில் மிதக்கும் மோட்டார் செய்யப் போகிறேன் என்கிறான். "அப்படி ஒன்று இருக்கிறதா, இல்லை கதை விடுகிறானா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கதை இல்லை. சுழலும் பாகமான ரோட்டரை எதுவும் தொடாததால் தேய்மானம் கிடையாது, எண்ணெயும் போட வேண்டாம். பெரிய கட்டடங்களின் ஏசி சில்லர் கம்ப்ரசர்களில் இந்த வகை ஓடுகிறது. இதயம் பலவீனமானவர்களுக்குப் பொருத்தும் ஹார்ட்மேட் 3 பம்பிலும் ரோட்டர் மிதந்தபடிதான் சுழல்கிறது. சுற்றிலும் தாராளமாக இடைவெளி இருப்பதால் ரத்த அணுக்கள் அதிகம் சிதைவதில்லை.

இதில் கஷ்டமான வேலை, ரோட்டரை நடுவில் நிறுத்துவது. நிலைகாந்தங்களை மட்டும் வைத்து ஒரு காந்தத்தை அந்தரத்தில் நிலையாக நிறுத்த முடியாது என்று 1842-லேயே ஏர்ன்ஷா என்ற ஆங்கிலேய அறிஞர் நிறுவிவிட்டார். மின்காந்தம் வைத்தாலும் சிக்கல்தான்: அதை நெருங்க நெருங்க இழுவிசை கூடும். கொஞ்சம் விலகினாலே போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் சென்சார்கள் ரோட்டர் இருக்கும் இடத்தை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கும். அதற்கேற்பக் காந்தச் சுருள்களின் மின்னோட்டம் மாறிக்கொண்டே இருக்கும். நடை பழகும் குழந்தைக்கு இரண்டு பக்கமும் கை வைத்துக்கொண்டு பின்னாலேயே போவோமே, கிட்டத்தட்ட அந்த வேலை. கரண்ட் போனால்? ரோட்டர் போய் உட்கார, சாதாரண பேரிங் ஒன்றையும் கூடவே வைத்திருப்பார்கள்.

ஆகவே அவனுக்கு வேண்டியது கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், பவர் எலக்ட்ரானிக்ஸ், மெஷின்ஸ், அப்புறம் நல்ல கணக்கு. முதல் மூன்றும் டிரிபிள் ஈ பாடங்கள். சி மொழியில் நிரல் எப்படியும் எழுதித்தான் ஆக வேண்டும்.

கவுன்சிலிங்கில் கல்லூரி, பாடப்பிரிவுகளை வரிசைப்படுத்திக் கொடுக்கும் ஆப்ஷன் என்ட்ரிக்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டுக்கு அனுப்பி, காந்தப்புலத்தை அளக்கும் ஹால் சென்சார் ஒன்று, நிரல் போட்டு ஓட்டும் ஆர்டுயினோ போர்டு ஒன்று, காயில் சுற்றச் செம்புக் கம்பி, ஒரு பட்டன் காந்தம் வாங்கச் சொல்லுங்கள். காயிலுக்குக் கீழே காந்தத்தை மிதக்க வைக்கட்டும். முதலில் 'டப்'பென்று மேலே ஒட்டும், இல்லையென்றால் கீழே விழும். எங்கே இருக்கிறது என்பதோடு எவ்வளவு வேகமாக நகர்கிறது என்பதையும் நிரலில் சேர்த்த பிறகுதான் நடுங்கி நடுங்கி நிற்கும். சாப்பிடக் கூப்பிட்டும் எழுந்து வராமல் அதோடு மல்லுக்கட்டினால் டிரிபிள் ஈ-க்கு விடுங்கள். இரண்டாம் நாளே மூட்டை கட்டிவிட்டால் கம்ப்யூட்டர் சயின்ஸே சரி.

வேலை விஷயத்தில் ஒளிக்காமல் சொல்கிறேன். மிதக்கும் மோட்டாருக்கென்று ஃப்ரெஷர்களை எடுக்கும் கம்பெனிகள் இங்கே சொற்பம். முதல் வேலை பெரும்பாலும் மின்வண்டியின் மோட்டார் கன்ட்ரோலர் செய்வதாக இருக்கும். அதற்குப் பெங்களூரில் பஞ்சமில்லை, பக்கத்து ஓசூரிலும் உண்டு. டிசைன் பக்கம் போக எம்.டெக். அவசியம் என்பேன். எம்.டெக். நுழைவுத் தேர்வான கேட் எழுதி உங்கள் ஊர் ஐ.ஐ.எஸ்.சி.க்கே (இந்திய அறிவியல் கழகம்) போகலாம்; 1911-ல் அங்கே வகுப்புகள் தொடங்கியபோதே மின் தொழில்நுட்பத் துறை இருந்தது.

மேனேஜ்மென்ட் கோட்டாவில் லட்சக்கணக்கில் கொட்ட வேண்டாம். கல்லூரியைப் பார்க்கப் போகும்போது மெஷின்ஸ் லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். மோட்டார் மேல் தூசி படிந்திருந்தால் அடுத்த கல்லூரியைப் பாருங்கள்.