வரி பாக்கிக்காக வீடு பறிபோனால் மீதிப் பணம் யாருக்கு?

அமெரிக்காவில் சொத்து வரி பாக்கிக்காக வீட்டை விற்கும் அரசு, பாக்கி போக மிஞ்சுவதையும் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடாது. மினியாபொலிஸ் நகரில் ஒரு மூதாட்டி கட்டாமல் விட்ட சுமார் 2,300 டாலர் வரி, வட்டியும் அபராதமும் ஏறி ஏறத்தாழ 15,000 டாலரானபோது, அந்நகரம் அடங்கிய ஹெனபின் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பகுதி) நிர்வாகம் அவருடைய அடுக்குமாடி வீட்டைக் கையகப்படுத்தி 40,000 டாலருக்கு விற்று, மீதமிருந்த 25,000 டாலரையும் தன் கணக்கிலேயே சேர்த்துக்கொண்டது. மின்னசோட்டா மாநிலச் சட்டமே அதற்கு இடமளித்தது என்பதுதான் கொடுமை. வங்கிக் கடனுக்காக வீடு ஏலம் போயிருந்தால், அதே மாநிலத்தில் மிகுதி உரிமையாளருக்கே திரும்பியிருக்கும். உரிய இழப்பீடின்றிச் சொத்தை எடுக்கலாகாது என்னும் அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாம் திருத்தத்துக்கு இது முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஒருமனதாகக் கூறியது. ஆயினும், மிகுதியைக் கோருவதற்குச் சட்டம் வழிவகுத்திருந்தும் உரிமையாளர் கெடுவுக்குள் கோராமல் விட்டால், நியூயார்க் நகர வழக்கொன்றில் 1956ஆம் ஆண்டு அதே உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு அவருக்கு எதிராகவே நிற்கும்.