தொடக்கப் பள்ளியில் ஆளுக்கொரு கணினி தேவையா?

தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வகுப்பறையில் ஆளுக்கொரு கணினி கொடுக்கலாமா என்பது கேள்வி. குமரி மாவட்டத்தின் மேற்கே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவிலுள்ள ஒரு பள்ளியில் நெடுங்காலமாக மூன்றாம் வகுப்பு எடுத்து வருகிறேன். ஐந்தாம் வகுப்பு முடியும்வரை ஆளுக்கொன்று வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு மூன்று பிள்ளைகளுக்கு ஒரு கணினி, வாரத்தில் சில பாடவேளைகள், பக்கத்தில் ஆசிரியர் என்ற ஏற்பாடு இந்த வயதுக்குப் போதும்.

காரணத்தை ஒரு கணக்கைக் கொண்டே சொல்கிறேன். 402-இலிருந்து 157-ஐக் கழிக்கச் சொன்னால், கடன் வாங்கிக் கழிப்பது பிடிபடாத பிள்ளை 355 என்று எழுதும். 2-இலிருந்து 7 போகாது என்பதால் 7-இலிருந்து 2-ஐக் கழித்து 5 போடும். 0-இலிருந்து 5 போகாது என்பதால் அங்கும் 5 போடும். 4-இல் 1 போனால் 3. நோட்டில் இந்த விடையைப் பார்த்த மாத்திரத்தில், பிள்ளைக்குக் கழித்தல் தெரியாமல் இல்லை, இடமதிப்புதான் தெளிவாகவில்லை என்பது ஆசிரியருக்கு விளங்கிவிடும். குச்சிக் கட்டுகளை எடுத்து வைத்து, ஒரு நூறைப் பத்துப் பத்துகளாகப் பிரித்துக் காட்டி மறுபடி தொடங்கலாம். அதே கணக்கு திரையில் நான்கு விடைகளோடு வந்தால், பிள்ளை முதலில் 355-ஐத் தொடும், சிவப்பு வரும். அடுத்ததைத் தொடும், அதுவும் சிவப்பு. மூன்றாவதில் பச்சை தெரிந்து கைதட்டல் ஒலி கேட்கும். கடன் வாங்குவது பிள்ளைக்கு இன்னும் தெரியாது. அது எங்கே இடறியது என்பது எனக்கும் தெரியாது. ஆனால் இருவரும் அடுத்த கணக்குக்குப் போய்விட்டிருப்போம்.

ஒரே திரையின் முன் இரண்டு பேர் உட்கார்ந்தால் இந்த வித்தை அவ்வளவு எளிதில் நடப்பதில்லை. ஒருவன் தொடப் போகும்போது மற்றவள், “லேய், பூச்சியத்துல இருந்து அஞ்சு எப்படிப் போவும்? பக்கத்துல கடன் வாங்கணும்லா?” என்று கையைத் தட்டிவிடுவாள். ஏன் கூடாது என்று அவள் சொல்லியாக வேண்டும். அவன் மறுத்தாக வேண்டும். அந்தச் சண்டையில்தான் பாடம் நடக்கிறது. ஆளுக்கொரு திரை வந்தால் வகுப்பு அமைதியாகிவிடும். அந்த அமைதியைப் பார்வையிட வருகிறவர்கள் பாராட்டவும் செய்வார்கள்.

எழுத்து விஷயம் இதைவிட முக்கியமானது. ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் முறையில்தான் பெரும்பாலோர் கணினியிலும் கைபேசியிலும் தமிழ் அடிக்கிறோம். பி, ஏ, எல், ஏ, எம் என்று தட்டினால் பலம், பழம், பாலம் எனத் திரையே வரிசையாக நீட்டும். ல, ள, ழ மூன்றும் கையிலும் வாயிலும் நிலைத்துவிட்ட பெரியவர்களுக்கு இது வசதி. அவை இன்னும் குழம்பிக் கிடக்கும் எட்டு வயதுப் பிள்ளையோ முன்னால் நிற்பதைத் தொட்டுவிட்டுப் போகும். ககரத்தைத் தட்டி ஆகாரத்தைத் தட்டினால் ‘கா’ வருகிற தமிழ்99 விசைப்பலகை நம் எழுத்தின் இயல்போடு ஒத்துப் போவது. ஆறாம் வகுப்பில் அதை முறையாகக் கற்றுக் கொடுத்தால் நல்லது. அதற்கு முன் பென்சிலால் சுழித்து எழுதிப் பழகும் ஆண்டுகள் எந்தக் குறுக்கு வழியும் இல்லாமல் கழிய வேண்டும்.

ஆளுக்கொரு கணினி என்பது புதிய யோசனையும் அன்று. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் நெக்ரோபோன்டே, நூறு டாலர் விலையில் பிள்ளைக்கொரு மடிக்கணினி என்ற திட்டத்தை 2005-இல் உலக அரங்கில் வைத்தார். விலை இருநூறு டாலர் அளவில்தான் நின்றது. ஆனாலும் பெரு நாடு எட்டு லட்சத்துக்கும் அதிகமான கணினிகளை வாங்கியது. அங்கே நாட்டுப்புறத் தொடக்கப் பள்ளிகள் 319-ஐ எடுத்துக்கொண்டு நடந்த ஆய்வின் முடிவை அமெரிக்க நாடுகளுக்கிடையேயான வளர்ச்சி வங்கி 2012-இல் வெளியிட்டது. கணினி கிடைத்த பள்ளிகளுக்கும் கிடைக்காத பள்ளிகளுக்கும் இடையே மொழியிலும் கணக்கிலும் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பொதுவான சிந்தனைத் திறன் தேர்வுகளில் மட்டும் சிறு முன்னேற்றம் இருந்தது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பெட்டி வந்து சேர்ந்ததே தவிர, அதைப் பாடத்தோடு இணைக்கும் பயிற்சி ஆசிரியர்களுக்குப் போதிய அளவில் கிடைக்கவில்லை என்பதும் அங்கே வெளிப்பட்ட குறைகளில் ஒன்று.

நம் ஊரிலேயே ஒரு சோதனை, யாரும் விரும்பாமல், நடந்து முடிந்திருக்கிறது. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. இடையில் பாடம் கைபேசி வழியாகவும் கல்வித் தொலைக்காட்சி வழியாகவும் போயிற்று. பேச்சிப்பாறைக்கு மேலே காணிப் பழங்குடி மக்களின் குடியிருப்புகளில் சிக்னலுக்காகப் பாறையில் ஏறி நின்ற பிள்ளைகளும் உண்டு. திறந்தபோது இரண்டாம் வகுப்புக்கு வந்தவர்கள் முதல் வகுப்பறையைப் பார்க்காதவர்கள். திரையைத் தள்ளத் தெரிந்திருந்தது. ‘அம்மா’ என்று எழுதக் கை வரவில்லை. அந்த இடைவெளியை நிரப்பத்தான் ‘எண்ணும் எழுத்தும்’ திட்டமே 2022-இல் வந்தது. அதில் வகுப்பறைக்குள் வந்தவை பெரும்பாலும் அட்டைகள், பாடல்கள், பொம்மலாட்டம்.

பராமரிப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. குளச்சல், முட்டம் பக்கம் உப்புக் காற்று இரும்பையே தின்கிறது. மலையோரத்தில் இடி கேட்டதும் டிவி பிளக்கைப் பிடுங்குவதுதான் வீட்டில் முதல் வேலை. இரண்டே பிளக் பாயின்ட் உள்ள ஓட்டு வகுப்பறையில் முப்பது கணினிகளுக்கு எங்கே சார்ஜ் போடுவது?

இவ்வளவும் தெரிந்தும் கேள்வி ஏன் எழுகிறது என்றால், யு.கே.ஜி. முதலே கையில் டேப்லெட் கணினி தருவதாகச் சில தனியார் பள்ளிகள் விளம்பரம் செய்கின்றன. வளைகுடாவில் வேலை பார்க்கும் தகப்பனுக்குப் பிள்ளை பின்தங்கிவிடுமோ என்ற பயம் வருகிறது. அந்தப் பயத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் தமிழக அரசு 2011-இல் விலையில்லா மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோதும் மேல்நிலைப் பள்ளி, கல்லூரி மாணவர்களுக்குத்தான் கொடுத்தது. கல்லூரி வாசலில் நிற்கும் பிள்ளைக்கு அது கருவி. வீட்டில் கணினியே பார்த்திராத பலருக்கு அதுதான் முதல் கணினி. எழுதத் தெரிந்த பிள்ளை தட்டச்சை ஒரு கோடை விடுமுறையிலேயே கற்றுக்கொண்டுவிடும்.

ஒரு விலக்கு உண்டு. பார்வைக் குறைபாடு, செவித்திறன் குறைபாடு, விரல்களில் இயக்கக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு முதல் வகுப்பிலிருந்தே சொந்தக் கணினி தேவைப்படலாம். எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டுவதும் வாசித்துச் சொல்வதும் அவர்களுக்குச் சலுகை அல்ல, பாடப் புத்தகம் போன்ற உரிமை.

உங்கள் பள்ளி ஏற்கெனவே வாங்க முடிவு செய்துவிட்டதென்றால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் விலையைக் கேட்பதற்கு முன் வேறு சிலவற்றைக் கேளுங்கள். எந்தப் பாடத்தின் எந்தப் பகுதிக்கு அது பயன்படப் போகிறது, பிள்ளை எங்கே தவறு செய்தது என்பதை ஆசிரியருக்கு அது காட்டுமா, கெட்டுப்போனால் எத்தனை நாளில் யார் வந்து சரிசெய்வார்கள், அதற்காகக் கால அட்டவணையில் எந்தப் பாடவேளை குறைகிறது. கடைசிக் கேள்விக்கு விளையாட்டு என்றோ கையெழுத்து என்றோ பதில் வந்தால் ஒப்புதல் கையெழுத்துப் போடாதீர்கள்.