ரெய்டு 1-இல் ஒரு டிஸ்க் போனால் முதல் வேலை என்ன?

கேள்வி: எங்கள் அலுவலக லினக்ஸ் சர்வரில் 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு, சாஃப்ட்வேர் ரெய்டு 1-இல் (இரண்டிலும் ஒரே தரவை எழுதும் அமைப்பு) ஓடுகின்றன. ஒன்று போய்விட்டது. புதியது வாங்கிவிட்டோம். கழற்றி மாட்டினால் போதுமா?

பதில்: உடனே மாட்டாதீர்கள். மிஞ்சியிருக்கும் டிஸ்க்கில் உள்ளதை முதலில் வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுங்கள். பெரும்பாலும் இரண்டும் ஒன்றாக வாங்கியவை, ஒரே அளவு உழைத்தவை. புதியதைச் சேர்த்ததும் ரெய்டு பழையதை முதல் செக்டரிலிருந்து (டிஸ்க்கின் மிகச் சிறு பகுதி) கடைசிவரை படிக்கும். வினாடிக்கு 150 எம்பி வேகத்தில் ஏழரை மணி நேரம் ஆகும். நெடுநாள் யாரும் தொடாத இடத்தில் செக்டர் கெட்டிருந்தால் அப்போதுதான் தெரியவரும்.

டிஸ்க்கின் உடல்நிலையைக் காட்டும் ஸ்மார்ட்சிடிஎல் கட்டளையின் அறிக்கையில் 197 என்று எண்ணிட்ட வரியைப் பாருங்கள். படிக்க முடியாமல் நிற்கும் செக்டர்களின் எண்ணிக்கை அது. அங்கே கடைசி எண் பூஜ்யமாக இருந்தால், கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளை போதும். எண் ஏறியிருந்தால், முக்கியக் கோப்புகளை மட்டும் முதலில் எடுத்துவிட்டு, டிஸ்க்கை அன்மவுண்ட் செய்து கெட்ட டிஸ்க்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூவால் முழுப் படிமம் எடுங்கள். எதுவரை படித்தது என்று குறித்துக்கொள்ள மேப் கோப்பு கொடுத்தால் நின்ற இடத்திலிருந்து தொடரலாம். அந்த டிஸ்க்கில் எஃப்எஸ்சிகே (கோப்பமைப்பைச் சோதித்துத் திருத்தும் கட்டளை) ஓட்டவே கூடாது. அது எழுதவும் செய்யும், மீட்கக்கூடியதும் போய்விடும்.

சர்வரில் மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் இருந்தால், அது ஓடிக்கொண்டிருக்கும்போது அதன் ஃபோல்டரை நகலெடுத்தால் திரும்ப ஏற்றுவது நிச்சயமில்லை. இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல்லின் ஒரு சேமிப்பு வகை) அட்டவணைகளை மைஎஸ்க்யூஎல்டம்ப் கட்டளையில் 'சிங்கிள் டிரான்ஸாக்‌ஷன்' போட்டு எடுங்கள். எடுத்ததை வேறு கணினியில் ஏற்றிப் பாருங்கள்.

இனி மாற்றலாம். செத்த டிஸ்க்கின் சீரியல் எண்ணைக் குறித்து, லேபிளோடு ஒப்பிட்ட பிறகே கழற்றுங்கள். புதியது பழையதைவிடச் சில செக்டர் குறைந்தாலும் ரெய்டு ஏற்காது. எஸ்எம்ஆர் வகை (தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும் டிஸ்க்) என்றால் கடைக்காரரிடம் மாற்றிக்கொள்ளுங்கள், எழுதும் வேகம் பாதியில் படுத்துவிடும். பார்ட்டிஷன் (டிஸ்க்கின் பிரிவுகள்) அமைப்பை நகலெடுக்க எஸ்ஜிடிஸ்க் கட்டளையில் பெரிய 'ஆர்' (R) எழுத்தை அடுத்து வர வேண்டியது புது டிஸ்க்கின் பெயர். இடம் மாறினால் நல்ல டிஸ்க்கின் பார்ட்டிஷன் அட்டவணை அழிந்துவிடும். ஒருமுறைக்கு இருமுறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். பிறகு ரெய்டை நிர்வகிக்கும் எம்டிஏடிஎம் கட்டளை கொண்டு சேர்த்து, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பில் டிஸ்க்குக்கு ஒன்றாக இரண்டு 'யு'வும் (U) தெரியும்வரை காத்திருங்கள்.

புது டிஸ்க்கில் க்ரப் (லினக்ஸை ஏற்றும் நிரல்) தானாக வராது. தனியாக நிறுவ வேண்டும். பூட் கோப்புகள் இருக்கும் இஎஃப்ஐ பார்ட்டிஷனும் பெரும்பாலும் ரெய்டுக்கு வெளியே இருக்கும், அதையும் நகலெடுங்கள். அடுத்து பூட் மெனுவில் புது டிஸ்க்கைத் தேர்ந்து ஒருமுறை ஏற்றிப் பாருங்கள்.

முதலில் நகலெடுத்தீர்களே, அந்த டிஸ்க்கை அழிக்காமல் வேறு கட்டடத்தில் வையுங்கள். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், ரெய்டு 1 அதே நொடியில் இரண்டு டிஸ்க்கிலும் அழித்துவிடும்.